உப்புக் காலும் புட்டிப் பாலும்

குழந்தைக்காகப் பால்புட்டியின் ரப்பர்க் காம்பை இன்று வெந்நீரில் இட்டபோது எழுந்த வாசம், மரக்காணத்து உப்பளக் கரையில் நாங்கள் வாழ்ந்த, இப்போது இறால் குட்டைக்குள் மறைந்துபோன கீற்று வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றது.

சுவரும் பாயும் தலைமயிரும் எப்போதும் உப்புக் காற்றில் பிசுபிசுக்கும் அந்த வீட்டின் மூலையில், பிறந்தவுடன் தாயை இழந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கோணியின்மேல் நடுங்கிக் கிடந்தது. கையையும் புட்டியையும் சோப்பால் தேய்த்துக் கழுவி நான் பசும்பாலை ஊட்ட முயன்றபோதெல்லாம், அது வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது தேறாதும்மா, உட்டுடு" என்று விடியலில் சொல்லிவிட்டுப் போன அப்பா, வெயில் ஏறியபின் உப்பு வாரிவிட்டுத் திரும்பினார். உப்பு ஊறினால் காலில் புண் வைக்கும் என்பதால், வந்தவுடன் நல்ல தண்ணீரில் கால் கழுவுவது அவர் வழக்கம். அன்று அவர் குடத்தை எடுப்பதற்குள் குட்டி தள்ளாடி எழுந்து, வெள்ளை பூத்திருந்த அவர் கெண்டைக்காலை நக்கத் தொடங்கியது.

"ஏ, என்னாடி இது, என்னையே மேயுது!"

"அசையாதீங்கப்பா!" என்று கத்திய நான், ரப்பர்க் காம்பை அவர் காலிலேயே அழுத்தித் தேய்த்துக் குட்டியின் வாயில் வைத்தேன். அது பற்றிக்கொண்டு, வாலைத் துடிதுடிக்க ஆட்டியபடி, முட்டி முட்டிக் குடித்தது.

புட்டி காலியாகும்வரை அப்பா அசையவில்லை. மறுநாளிலிருந்து குட்டியின் வயிறு நிறைந்த பிறகே அவர் கால் கழுவினார். "எங்கூட்டு ஆட்டுக்குட்டிக்கு என் காலுலதான் பால் சொரக்குது" என்று தெருவெங்கும் சொல்லித் திரிந்தார்.