பலா மரம் வரைக்கும் உண்டு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு சண்டை நடந்தாக வேண்டும். அக்காவின் கல்யாணப் போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தொடங்கிய வழக்கு, அத்தான் லீவு முடிந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறிய பிறகும் தீர்ந்தபாடில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்ட்லெஸ் போன் வந்து சேர்ந்தது. அதுவும் சுவரில் மாட்டுகிற ஜாதி. விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கேரள எல்லையில் பாறசாலை சந்திப்பில் துணிக்கடை. அந்த வியாபாரத்தின் பேரைச் சொல்லி வீட்டிலும் ஒரு போன் எடுத்திருந்தார். முன்னறையில் அதற்குத் தனி ஸ்டூல், அம்மா பின்னிய விரிப்பு, எல்லா மரியாதையும் உண்டு. அத்தானுக்குத் தாய் தகப்பன் கிடையாது. அதனால் கல்யாணமாகி அவர் போன பிறகு அக்கா எங்களோடுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானம் போன் வரும். மணி அடிப்பதற்கு முன்பே நாங்கள் எல்லோரும் ஸ்டூலைச் சுற்றி இடம் பிடித்துவிடுவோம்.

முதலில் எடுப்பது அப்பா. தூரதேசம் என்றால் தொண்டை கிழியக் கத்தினால்தான் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. "ஹலோ! மோனே, கேக்குதா? கேக்குதா?" முற்றத்தில் மேய்கிற கோழி சிதறி ஓடும். அடுத்து அம்மா, என்ன கறி வைத்தாய் என்று விசாரிப்பாள். அடுத்து நான், வரும்போது என்னவெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று நினைவுபடுத்துவேன். மிச்சம் மீதி இருந்தால் அக்காவுக்கு. அவளோ எங்கள் நடுவில் நின்றுகொண்டு "ம்", "உண்டு", "சரி" என்பதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். சுகம் உண்டா? உண்டு. சாப்பாடு உண்டா? உண்டு. வேறே? ம்.

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவளோடு ஒரே அறையில் படுக்கிற தங்கைக்கு அது தெரியாமல் போகுமா? அத்தான் குடும்ப விசா எடுக்கத் தயாராக இருந்தார். அப்பாதான் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். "அந்தச் சூட்டுல ஒரு முறிக்குள்ள பூட்டிப் போடவா எனக்க மோள வளத்தேன்? காண்ட்ராக்ட் முடிஞ்சா அவன் இங்கதான வாறான்? பொறவென்ன?" மகளை ஓர் அறைக்குள் அடைக்க மாட்டேன் என்றவரிடம் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அத்தானோ, பெண்டாட்டிக்கும் வர விருப்பமில்லை போல என்று நினைக்க ஆரம்பித்திருந்தார். இல்லை, வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு மறைவு வேண்டும். கட்டிய புருஷனிடம் மனசைத் திறக்க மறைவு தேட வேண்டிய கொடுமையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கோபத்தை எங்கள் வீட்டில் யார் மதித்தார்கள்!

அத்தானும் மண்டு இல்லை. அங்கே தன் அறையில் கூட இருந்த ஒருவரிடமிருந்து பழைய கார்ட்லெஸ் ஒன்றை வாங்கி, லீவில் வந்த சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். சுவரில் மாட்ட ஒரு பெட்டி, கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஒரு ரிசீவர். இரண்டுக்கும் வயர் தொடர்பு கிடையாது. கொண்டுவந்தவர் சாயா குடித்து முடித்துவிட்டு, "பின்பக்கம் மாட்டச் சொன்னான்" என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டுவதற்குக் காஞ்சிரங்குளத்து மாமன் வரவழைக்கப்பட்டார். அம்மாவின் தம்பி. ரேடியோ ரிப்பேர் முதல் ரோஜாச் செடிக்கு ஒட்டுக் கட்டுவதுவரை தனக்கு எல்லாம் தெரியும் என்பார். தெரியாது என்று நாங்கள் சொன்னதில்லை, பாசம். தொழில்நுட்பம் என்று வந்துவிட்டால் மட்டும் அவர் தமிழை விட்டு மலையாளத்துக்குத் தாவிவிடுவார்.

"முன்னறையிலயாக்கும் மாட்டணும். வாறவன் போறவன் பாக்காண்டாமா?" என்றார் அப்பா.

"அடுக்களையில மாட்டுங்க. மணி அடிச்சா ஓடுகது நானாக்கும்," என்றாள் அம்மா.

"பின்னறை ஜன்னல் பக்கத்துல வச்சா தோட்டம் வரைக்கும் எடுக்கும்," என்றேன் நான்.

"தோட்டத்துல ஆருக்கு போன்? வாழைக்கா?" என்றார் அப்பா.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல அப்பாவே ஜெயித்தார். முன்னறையில், அவருடைய ரேடியோவுக்கு நேர் மேலே என்று தீர்ப்பாயிற்று.

அந்த ரேடியோ எங்களைவிட ஒரு படி உயர்ந்த பிறவி. திருநெல்வேலி ஸ்டேஷனும் திருவனந்தபுரம் ஸ்டேஷனும் மாறி மாறிக் கேட்பார். அதன் மேல் தூசி இருந்தால் வீட்டில் சாப்பாடு இறங்காது.

சுவர் பழைய வெட்டுகல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. மாமன் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முட்டையளவு ஓட்டை கேட்ட இடத்தில் தேங்காயளவு பெயர்ந்து விழுந்தது. "சாரமில்லா, பெட்டி மறச்சோளும்," என்று, ஒன்றும் பரவாயில்லை என்பதை மலையாளத்தில் தனக்குத்தானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டார். மரக்கம்பைச் சீவி ஆப்பு அடித்து, அதில் இரண்டு திருகாணிகளைத் தலை வெளியே தெரிகிற மாதிரி இறக்கினார். பெட்டியின் முதுகில் சாவித் துவாரம் மாதிரி இரண்டு ஓட்டைகள். திருகாணித் தலையை அதற்குள் விட்டுப் பெட்டியைக் கீழே இழுத்தால் கவ்விக்கொள்ள வேண்டும். மாட்டினார். அழகாகத்தான் இருந்தது.

"மாமா, ஏரியல் தரையப் பாத்துட்டு நிக்குதே?" என்றேன்.

"சிக்னல் எவிடெயும் போகும், மோளே."

சிக்னல் போனதோ இல்லையோ, பெட்டி போயிற்று. தலைகீழாக மாட்டினால் கவ்வுமா? நழுவி நேரே ரேடியோவின் மண்டையில் விழுந்தது. கார்ட்லெஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவுக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து திருநெல்வேலியைப் பிடிக்கக் குமிழைத் திருப்பினால் முள் வலது கோடிக்கு ஓடிப்போய் நின்றுகொள்ளும். தட்டித் தட்டி அழைத்து வர வேண்டும். அப்பா மாமனைப் பார்த்த பார்வையில் மாமன் அன்று மதியம் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

பெட்டியை நிமிர்த்தி மாட்டிய பிறகு ரேஞ்சு பார்க்கும் படலம். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். டயல் டோனின் ரீங்காரம் கேட்கிறவரை "உண்டு" என்று கூவ வேண்டும். மாமன் ஜன்னலில் நின்றுகொண்டார்.

"உண்டா?"

"உண்டு!" கிணற்றடியிலிருந்து அக்கா.

"உண்டா?"

"உண்டு! உண்டு!" வாழைக்கூட்டத்திலிருந்து.

அவள் குரல் அவ்வளவு உரக்க எழும்பி நான் கேட்டதே இல்லை. தோட்டத்துக் கோடியில் பலா மரம். "இங்கயும் உண்டு மாமா!" என்று குதிக்காத குறையாகக் கத்தினாள். அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும், "போச்சு!"

பலா மரத்துக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் டீச்சர் வீடு. எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் நடத்துகிறவர். எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணிடம் "உண்டா?" என்றால் ஒரே அர்த்தம்தான், விசேஷம். "உண்டு, உண்டு" என்று தோட்டம் முழுக்கக் கூவினால் கேட்கவே வேண்டாம். கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் டீச்சர் எங்கள் அடுக்களைக்குள் வந்து நின்றார்.

"ஸ்தோத்திரம் மக்கா! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்று அக்காவின் கன்னத்தைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது. அத்தான் விமானம் ஏறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெல்லக் கையை எடுத்து விரலை மடக்க ஆரம்பித்தார்.

மாமன் பாய்ந்து வந்தார். "ஐயோ டீச்சரே, ரேஞ்சாக்கும்! ரேஞ்சு!"

"ரேஞ்சா? அது எத்தனாம் மாசம்?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் டீச்சரும் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். டீச்சர் மடக்கிய விரல் அவளுக்கு எங்கே குத்தியது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி அடித்தது. அப்பா வழக்கம்போல "கேக்குதா? கேக்குதா?" என்று கோழிகளை விரட்டிவிட்டு ரிசீவரை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கினாள். நடந்தாள். முன்னறை தாண்டி, அடுக்களை தாண்டி, பின்வாசல் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். கறிவேப்பிலை பறிக்கப் போவதாக அம்மா எழுந்தாள். "பால் பொங்குது பாருங்க," என்று அவளை அடுக்களைப் பக்கம் திருப்பிவிட்டேன். பார்க்கிறதற்கு ஒன்றும் இல்லாத முன்னறையில் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. ரேடியோவைப் போட்டார். திருநெல்வேலியைத் தேடிக் குமிழைத் திருப்பினார். முள் வலது கோடிக்கு ஓடியது. இரைச்சல் கீச்சென்று எழும்பி அடங்கியது.

"இப்பம் இங்க ஆரும் இல்ல," என்றது ரேடியோ. "பலா மரத்தடியிலயாக்கும் நிக்கேன்."

அக்காவின் குரல். அப்பா தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்த ரேடியோவும் போன் பெட்டியும் என்ன கள்ளக்கூட்டுச் சேர்ந்தனவோ, தோட்டத்துக் கோடியில் அவள் முணுமுணுத்தது முன்னறையில் செய்தி அறிக்கை மாதிரி வந்து விழுந்தது.

"எனக்கு வரப்புடிக்கலண்ணு நெனச்சியளா? எனக்கு அங்க வரணும். சூடோ குளிரோ, ஒரு முறியோ அர முறியோ, எனக்கு உங்ககூட இருக்கணும். இங்க ஆளுக கேக்கிய கேள்விக்கு எனக்கு மறுமொழி சொல்லி முடியல்ல."

அத்தான் ஏதோ கேட்டார், தெளிவாக விழவில்லை.

"அப்பாகிட்ட எப்படிச் சொல்ல? கடையடச்சு வந்தா மொதல்ல என்னையாக்கும் விளிப்பாவ. நான் போயிட்டா அப்பா ஒழுங்காச் சாப்பிட மாட்டாவ. அத நெனச்சாக்கும் வாயப் பொத்திட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு அழுகை. அப்பா குமிழைப் பிடித்து ரேடியோவை அணைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கத்துவார், ரேடியோவைத் தூக்கி எறிவார், அக்கா வந்ததும் கேட்பார் என்று நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ரேடியோவின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அக்கா முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். ரிசீவரைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் வைத்தாள்.

"அவனுக்குச் சுகம் உண்டாமா?" என்று கேட்டார் அப்பா.

"உண்டு," என்றாள் அக்கா.

அடுத்த முறை மாமன் வந்தபோது அப்பா அவரிடம், "எலே, பாஸ்போர்ட் எடுக்கணும்ணா எங்க போவணும்? இவளுக்காக்கும்," என்றார். அக்கா கையிலிருந்த சாயாவைச் சிந்தினாள். "அங்க வீட்டுக்குள்ள ஏசி உண்டுண்ணு சொல்லுகாவ. சூடெல்லாம் பழகிப்போவும்," என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் வேறு. கல் கரைந்தது எப்படி என்று வீட்டில் பல கருத்துகள். அம்மா தன் ஜெபம் என்றாள். டீச்சர் பெண்கள் கூட்டத்தின் ஜெபம் என்றார். மாமனுக்கோ எதற்கும் காரணம் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அப்பா அவரை நிறுத்தி, "பெட்டிய நல்ல எடத்துலயாக்கும் மாட்டியிருக்க," என்று பாராட்டியதில் மனுஷன் பேச்சிழந்து போயிருந்தார்.

அக்கா அத்தானிடம் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. மணி அடித்தது. அப்பா ரிசீவரை எடுத்தார். கத்துவார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவரோ அதைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்வாசல் இறங்கி, கிணற்றடி தாண்டி, வாழைக்கூட்டம் தாண்டிப் பலா மரத்தடியில் போய் நின்றார். செருப்புக்கூடப் போடவில்லை.

என் கை சும்மா இருக்குமா? ரேடியோவைப் போட்டேன். முள் தானாக ஓடி வலது கோடியில் நின்றது.

"அப்பா, நீங்கதானா? சத்தமே இல்லியே. நான் பேசுகது கேக்குதா?"

"கேக்குது மக்கா," என்றார் அப்பா. அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு அண்ணைக்கே கேட்டுது."