கரும்பு முளைத்த வீடு

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், நான் அனிமேஷனுக்கு எப்படி வந்தேன் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் எல்லாம் தொடங்கியது.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். வீடு கச்சிராயபாளையம். ஸ்டுடியோவுக்கு ரெக்கார்டிங் வேலையாக எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் வருவார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். அவர் மனைவி லூர்து காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அவளுக்காக ஒரு பாட்டு செய்து வைத்திருந்தார்.

பாட்டில், ஒருவன் வீட்டுத் தரையைப் பிளந்துகொண்டு கரும்பு முளைக்கிறது. வெட்ட வெட்ட வளர்கிறது. கடைசியில் கட்டிலில் படுத்திருக்கும் அவன் மனைவியை மூடிவிடுகிறது.

"ஆளுங்கள வச்சி எடுத்தா நாடகமாட்டம் இருக்கும் செல்வி. பொம்மைல செய்யலாமா?" என்றார்.

1. ஃபேன் போடக் கூடாது

ஜன்னலைப் போர்வையால் மூடி, மேசை விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்தோம். உள்ளே கம்பி, மேலே மெழுகு கலந்த களிமண். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம். மறுபடி நகர்த்தி ஒரு படம். ஃபேன் போட்டால் காகிதக் கரும்பின் தோகை ஆடிவிடும். புழுக்கத்தில் எங்களுக்கு வியர்த்தது. களிமண் இளகி, கணவன் பொம்மையின் மூக்கு மோவாய்க்கு இறங்கியது. பாட்டுக்குப் பொருந்தியதால் அப்படியே விட்டோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் பஸ் ஏறி வருவார். கரும்பையெல்லாம் அவரே நகர்த்துவார். லூர்துவின் சேலைத் துண்டைக் கட்டியிருந்த பொம்மையை மட்டும் தொட மாட்டார்.

"அத நீயே பண்ணும்மா."

2. அம்மா பெருக்கிய நாள்

கடைசி ஷாட். கரும்பு அவள் கழுத்துவரை வந்துவிட்டது. நானும் அண்ணனும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா விளக்குமாறோடு நிற்கிறாள். கரும்பெல்லாம் குப்பை முறத்தில். பொம்மை கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாம்மா பண்ண?"

"குப்ப மூடிக் கெடந்துச்சுடி. தள்ளிட்டு, பொம்மைய எட்த்து குந்த வச்சேன். இன்னா இப்ப?"

எனக்கு அழுகை முட்டியது. பழைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் எடுத்து, முன்பு எடுத்தவற்றோடு சேர்த்து லேப்டாப்பில் ஓட்டினேன். இருட்டில் கரும்பு அவளை மூடிக்கொண்டே வந்தது. சட்டென்று பகல் வெளிச்சம். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படத்தை டிலீட் செய்யப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். "எழுந்து குந்திக்கினா பாரு," என்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

அம்மா பயந்துபோனாள். "நான் இன்னாத்த கெடுத்துட்டேன் தம்பி?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. ஜன்னல மட்டும் மூடாதீங்க."

பிறகு அந்தப் பொம்மையை அவரே தொட்டார். தலையை இம்மி இம்மியாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். நான் படம் எடுத்தேன். பாட்டின் கடைசி அடிகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கீபோர்டை மட்டும் வாசித்தார்.

பிறகு எத்தனையோ விளம்பரங்களுக்கு, பெரிய செட்டுகளில், ஏசி அறையில் வேலை செய்துவிட்டேன். அந்தப் புழுக்கம்தான் நினைவில் நிற்கிறது. என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிசகிய ஃபிரேமை அழிக்கும் முன், யாருடைய பாட்டோ அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது பிசகா இல்லையா என்று அவருக்குத்தான் தெரியும்.