இத்தாலிக்காரர் வாளியும் என் வாளியும்

என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு, மனைவியின் தாய், மாமி வீட்டில் எல்லோரும் கூடுவோம். அந்த மேசைக்கு வாளியில் இஞ்சி பியர் ஊறவைத்துக் கொண்டு போவது நான். நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை அது ஒன்றுதான். மனைவியின் தங்கை புருஷன் இத்தாலியிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் குடியேறியதும் அதுவும் போனது. அவரும் பியர் செய்தார். அவருடையது தெளிவாக இருந்தது. என்னுடையது புளித்துப்போனது.

“உங்கட வாளி புளிச்சு மணக்குது. அவர்ட வாளியைப் போய்ப் பாருங்க, முகம் பார்க்கலாம்,” என்றாள் மனைவி.

எதால் கழுவுகிறார் என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடலேரியான களப்பின் ஓரத்து இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். குளத்துக் கிருமிக்குப் போடும் குளோரின் தூளில் ஒரு பிடி கொண்டுவந்து வாளியில் கரைத்தேன். வாடை போகவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டாமலே அரைப் போத்தல் வினாகிரியை ஊற்றினேன்.

மூச்சு அடைத்தது. கண் எரிந்தது. கிணற்றடியில் குந்தி இருமிக்கொண்டிருந்தபோது வேலி தாண்டி ஓடிவந்தது அவரேதான்.

“அண்ணன், காத்து வாற பக்கம் வாங்க! என்ன ஊத்தினீங்க?”

“குளோரின்... வினாகிரி.”

“ரெண்டையும் ஒண்டாவா? நஞ்சுப் புகை அது! என்னட்டக் கேட்டிருக்கலாமே.”

“இவராவது, கேக்கிறதாவது! வாயில பூட்டெல்லோ,” என்றாள் மனைவி.

கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிப்போனார். மறுநாள் தன் கழுவும் தூளில் பாதியைக் கொண்டுவந்தார்.

“கையுறை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவிடுங்க. கம்பித் தும்பால தேய்க்காதீங்க, கீறலுக்குள்ள கிருமி குந்திரும். சோப்பும் வேணாம், வாசம் ஒட்டும். நல்லா அலசின பிறகுதான் கிருமி மருந்து. ஒண்டோட ஒண்டைக் கலக்கவே வேணாம்.”

பழைய வாளியை எறிந்துவிட்டு, புது வாளியில், பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னபடியே செய்தேன்.

இந்த நத்தாருக்கு என் பியர் கண்ணாடி போல இருந்தது. மாமி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அவரைத்தான் பார்த்தார்.

“மகன், இந்த முறை உங்கட கைப்பக்குவம் நல்லா வந்திருக்கு.”

“இது அண்ணன் செய்தது, மாமி.”

“அப்ப நீங்கதானே சொல்லிக் குடுத்திருப்பீங்க?”

“கொஞ்சம்தான்,” என்றார் அவர், தலையைக் குனிந்து, மிகவும் அடக்கமாக. மனைவி சிரித்தாள். அந்த அடக்கத்தைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

எழுதி முடித்தது இன்றுதான். ஜனவரி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை.