நாலு கோப்பாகப் பிரித்த டிரைவர்

நேற்று அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரின் சட்டையிலிருந்து, இரும்பு கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை வந்தது. பச்சை விழுந்தும் நான் கிளம்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் திட்டியதில் நியாயம் இருக்கிறது.

என் முதல் வேலை ஒரு லேத் பட்டறையின் மாடியில். சாப்பிடும் தயிர்சாதத்தில்கூட அந்த வாடை இருக்கும். இரும்புப் பாகங்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்காக, கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டு செய்தோம். அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதியவர் பூந்தமல்லி ஷாகுல் பாய். மொத்தமும் ஒரே கோப்பு, அனுமார் வால்.

நானோ சட்டைகளை நிறவாரியாக மடித்துவைக்கிற ஆள். அந்தக் கோப்பைப் பார்த்தாலே கை அரிக்கும். மெமரிக்கு ஒன்று, கார்டு அனுப்பும் சிக்னலைக் கவனிக்க ஒன்று என நாலாகப் பிரித்தேன். பழையதைக் குப்பை என்று அழித்தும்விட்டேன்.

"இன்னா மச்சான், ஒரே ஊட்ல ஒயுங்கா கீறவங்கள தனிக்குடித்தனம் வெக்கிற?" என்று சிரித்தார் பாய். தடுக்கவில்லை.

டிரைவர் ஓடுவது கம்ப்யூட்டரின் அடிமடியான கெர்னலுக்குள். அங்கே ஒரு பிசகு என்றால் கம்ப்யூட்டரே செத்துவிடும். வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் அப்படித்தான் ஆனது. தினமும் இல்லை, எப்போதாவது, டிரைவரை நிறுத்தும்போது. மேனேஜர் கோப்புகளைத் திறந்து பார்த்தார். நாலின் தலையிலும் எழுதியவர் என்று ஷாகுல் பெயர்தான். நான் அதை அப்படியே ஒட்டியிருந்தேன்.

மூன்று நாள் இருவரும் தேடினோம். டிரைவரை ஏற்றுவோம், நிறுத்துவோம், சில தடவை திரை உறையும். பாய் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது என் கண்ணில் பட்டது. முதலில் சிக்னலைக் கவனிப்பதை நிறுத்த வேண்டும், பிறகுதான் மெமரியைத் திருப்பித் தர வேண்டும். நான் அந்த இரண்டு வேலைகளுக்கான ஃபங்ஷன்களையும் பெயரின் எழுத்து வரிசைப்படி, அழகாக, மாற்றி அழைத்திருந்தேன். நடுவில் ஒரு சிக்னல் வந்தால், திருப்பித் தந்துவிட்ட மெமரியைத் தொடப் போய்க் கம்ப்யூட்டர் உறையும்.

வரிகளை இடம் மாற்றினேன். பலமுறை நிறுத்திப் பார்த்தேன், உறையவில்லை. பாய் தொப்பியை மடித்தபடி வந்து திரையைப் பார்த்தார்.

"இத்த நீ மாத்துனியா, இல்ல நானே தப்பா எய்தி வெச்சிருந்தனா?"

"தெரியல பாய்."

தொப்பியைப் பையில் போட்டார். பிறகு மேனேஜர் அறைக்குள் போய், "என் தப்புதான் சார்" என்றார். எனக்குக் கேட்டது. எழுந்தால் அந்த அறைக்கு ஏழெட்டு அடி. எழவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, வேலை போய்விடுமே என்ற பயம்தான். திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது.

இன்று அந்தப் பட்டறை பார்சல் கிடங்காகிவிட்டது. அந்தக் கார்டைச் செருகும் இடமே இப்போதைய கம்ப்யூட்டர்களில் இல்லை. போன மாதம்தான் துணிந்து பூந்தமல்லிக்குப் போனேன். அவர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. எதிர்க் கடைக்காரர், "ஷாகுல் பாயா? அவர் மவுத்தாகி நாலு வருசம் ஆவுதே. கடைசி வரிக்கும் பிரியாணி அண்டா வாடகைக்கு வுட்டுகினு இருந்தாரு" என்றவர், "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

"கூட வேலை செஞ்சவன்" என்றேன்.