சின்ன ர, பெரிய ற

மலாயாவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு டிசம்பர் என்றால் குளிர்காலம்தான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மேனேஜர். வருஷக் கடைசியில் பெற்றோர்களுக்குக் குளிர்காலச் செய்தி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். தலைமை ஆசிரியை ஜோசஃபின் டீச்சர் மேலிடத்து உத்தரவை மறுத்துப் பேசத் தெரியாதவர். "குளிர் வந்துவிட்டது. பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் நாற்பத்துமூன்று பிள்ளைகளில் பதினோரு பேர்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். லைன் வீட்டு ஜனங்களுக்குக் குளிர் என்றால் குளிர்காய்ச்சல். அந்தக் குளிர் வாரிக்கொண்டு போன ஆட்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். தண்டவாளக் கூலி வீரம்மா பள்ளிக்கூட வாசலிலேயே வந்து நின்றுகொண்டாள்.

"ஏன் டீச்சரம்மா, குளிரு வந்திருச்சின்னு நீங்களே எழுதிப்புட்டு, பிள்ளைய அனுப்புன்னா எப்படி அனுப்புறது? எனக்கு இருக்கிறதே ஒண்ணு!"

அன்றைக்கே டீச்சர் இரண்டு முடிவுகள் எடுத்தார். இனிமேல் அது மழைக்காலச் செய்தி. மேனேஜர் சாமி தன் ரிஜிஸ்தரில் என்ன பெயர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது, செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தாக வேண்டும். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துத் தங்கள் செய்தி நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் படித்துக் காட்ட வேண்டும். அப்பாவோ அம்மாவோ அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர்கள் பெருவிரலைப் பதிக்க வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு நோட்டிலும் டீச்சர் "பார்த்தேன், த. ஆ." என்று எழுதிக் கொடுப்பார். த. ஆ. என்றால் தலைமை ஆசிரியை. அந்த இரண்டு எழுத்தைத் தாண்டி அவருக்கும் ஒரு பெயர் இருந்தது என்பதை ஊர் மறந்தே போயிருந்தது.

மறக்காமல் என்ன செய்யும்? அப்பா கிள்ளானில் ரயில்வே கார்டாக இருந்து செத்துப்போனபோது ஜோசஃபினுக்குப் பத்தொன்பது வயது. தம்பிமார் இரண்டு பேரைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணமும் செய்து வைத்து நிமிர்ந்து பார்த்தால், அவருக்குச் செய்து வைக்க யாரும் மிச்சமில்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு என்று வயது ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகளின் பிழைகளைத் திருத்துவதிலேயே பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் ஜனவரியில் ஒருவர் எட்டு வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆளுக்கு முன்னால் மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

"பிள்ளை பேரு?"

"பெர்னடெட்டுங்க. தாயில்லாப் பிள்ளை. மூணாவதுல சேக்கணும்."

"உங்க பேரு?"

"இருதயம்."

டீச்சர் அந்தப் பெயரை மெதுவாக எழுதிக்கொண்டார். திரு இருதயம் என்று ஜெபத்தில் தினம் கேட்கிற பெயர்தான், ஆனால் மனுஷர் வாயால் இப்படிக் கூச்சத்தோடு யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. "என்ன வேலை?" என்று கேட்டார்.

"கைகாட்டி விளக்கு ஏத்துறேங்க. இதோ, உங்க வேலிக்குப் பின்னால தெரியுதே, அதுவும் என்னுதுதான்."

ரயில் சிக்னலைத்தான் அந்தக் காலத்தில் கைகாட்டி என்போம். கையில் மண்ணெண்ணெய் டப்பாவோடு அந்தக் கம்பத்து ஏணியில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, திரி கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, விளக்கை ஏற்றிவிட்டு இறங்க வேண்டும். தினமும் நாலு மணிக்கு இருதயம் அந்தக் கம்பத்தில் ஏறுவார். தினமும் நாலு மணிக்கு ஜோசஃபின் டீச்சர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு நோட்டுத் திருத்த உட்கார்வார். முன்பெல்லாம் வகுப்பறைக்குள்ளேதான் திருத்துவார். வராந்தாவில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று உதவி ஆசிரியை நல்லம்மாளிடம் சொல்லிவைத்தார். மழைக்காலத்தில் என்ன வெளிச்சம் கண்டாரோ!

அந்த வருஷ மழைக்காலச் செய்திக்கு இருதயத்தின் பெருவிரல் வந்தது. மண்ணெண்ணெய் பட்டு அந்த இடத்தில் தாள் கண்ணாடிபோல ஆகியிருந்தது. நாற்பது நோட்டு அடுக்கில் எது அவருடையது என்று டீச்சருக்கு மூக்கே சொல்லிவிடும்.

அடுத்த வருஷம் பெருவிரலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஓர் "இ" இருந்தது. சுழி கோணலாக, கால் நீண்டு, பார்க்கச் சிரிப்பாக இருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் நாற்பது வயதில் ஓர் எழுத்தைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறான், அதுவும் இவர் அனுப்பிய நோட்டில். அது தனக்காக எழுதியது என்று நினைக்கப் பயமாக இருந்தது, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு மழைக்காலச் செய்தி ஒன்றோடு நிற்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வருகிறது, பிள்ளைகள் பாலத்தோரம் போகக் கூடாது என்று ஒன்று. குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்கும் நாள் இன்னது என்று ஒன்று. அடுத்த வருஷமோ, "மழையில் ஏணி வழுக்கும். பெற்றோர்கள் ஏணியில் ஏறும்போது கவனமாக இருக்கவும்" என்றே ஒரு செய்தி போனது. நல்லம்மாள் கரும்பலகையைப் பார்த்துவிட்டு விழித்தார்.

"ஏணியா? நம்ம பெற்றோர்ல யாரு டீச்சர் ஏணியில ஏறுறாங்க?"

"யாராவது ஏறுவாங்க" என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

அந்த ஏணிச் செய்திக்குத்தான் பதில் வந்தது. பெருவிரல் இல்லை. முழுப் பெயர். ஐந்து எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, தாளைப் பென்சில் கிழித்துவிடும்போல அழுத்தி, "இறுதயம்" என்று எழுதியிருந்தது.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அன்றைக்கு டீச்சர் ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கையில் சிவப்பு மை. நோட்டுக்குப் பின் நோட்டாக ர, ற பிழைகள். அதே வேகத்தில் செய்தி நோட்டுகளையும் எடுத்தார். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் "று"வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, மேலே "ரு" என்று எழுதி, கீழே "பார்த்தேன், த. ஆ." என்றும் போட்டுவிட்டது. பெர்னடெட் நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிய பிறகுதான் மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தார். நாலு மணி ஆயிற்று. கம்பத்தில் ஏறிய மனிதர் அன்றைக்கும் ஏறினார், இறங்கினார். இந்தப் பக்கம் திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

அடுத்த செய்திக்குப் பெருவிரல் வந்தது. அதற்கடுத்ததற்கும் பெருவிரல். பென்சில் பட்ட அடையாளமே இல்லை.

போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கல்யாணமாகாத தலைமை ஆசிரியை மனைவி இல்லாதவர் வீட்டு வாசலில் போய் நிற்பதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? போய்த்தான் என்ன சொல்வது? "உங்கள் பெயரைத் தப்பாகவே எழுதியிருக்கலாம், எனக்கு அது போதும்" என்றா? அதைத்தான் சொல்ல ஆசை. மாதா கோயிலில் பூசை நேரத்தில் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சியில் இருதயத்தின் தலை தெரியும். பிழையைப் பொறுத்தருளும் என்று சாமி சொல்லும்போது டீச்சர் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் முழுக்க அப்படியே ஓடியது. முப்பதாம் வருஷத்து மழைக்காலம் வந்தது, பெர்னடெட்டும் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அதோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்தது. அடுத்த வருஷம் அவளுக்குச் செய்தி நோட்டுக் கிடையாது. அதுவே டீச்சருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது, அதற்கு மேல் அந்தப் பெண் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்.

"டீச்சர், அப்பாவுக்குக் கிம்மாஸுக்கு மாத்தலாயிருச்சு. ரயில்வேல ஆளக் குறைக்கிறாங்களாம், போகலன்னா வேலை போயிருமாம். பள்ளிக்கூடம் மூடுற அன்னிக்கே போறோம், மூணு மணி ரயிலுக்கு."

இன்னும் ஒரே ஒரு செய்திதான் பாக்கி. டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அழகான கையெழுத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார்.

"பள்ளிக்கூடம் ஜனவரி ஐந்தாம் தேதி திறக்கும். பிள்ளைகளை மரக்காமல் அனுப்பவும்."

பிள்ளைகள் பென்சிலை நிறுத்திவிட்டார்கள். பிழை விட்டால் முட்டி போட வைக்கிற டீச்சர், சின்ன ர போட்டிருக்கிறார். பெர்னடெட்தான் எழுந்து நின்றாள்.

"டீச்சர், மறக்காமலுக்குப் பெரிய ற வரணும்."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் அவர் வேண்டுமென்றே விட்ட பிழை அது ஒன்றுதான். "பலகையில இருக்கிற மாதிரியே எழுது. ஒருத்தரும் திருத்தக் கூடாது" என்றார்.

நாற்பது பிள்ளைகளும் பிழையோடு எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் கையெழுத்தும் பெருவிரலுமாக நோட்டுகள் திரும்பி வந்தன. நல்லம்மாள் மட்டும் டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்தார். பெர்னடெட்டின் நோட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கேட்டால், "அப்பா இன்னும் வச்சிருக்காரு டீச்சர்" என்றாள்.

பள்ளிக்கூடம் மூடுகிற நாள். பிள்ளைகள் எல்லாரும் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மணி ஒன்று, ஒன்றரை. வெளியே தூறல். டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கைகாட்டிக் கம்பத்தில் வேறு யாரோ ஒரு புது ஆள் ஏறக் கற்றுக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குப் பெர்னடெட் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடி வந்தாள். நோட்டை எடுத்து நீட்டினாள்.

"சீக்கிரம் கொடுங்க டீச்சர், அப்பா ஸ்டேஷன்ல நிக்கிறாரு. பார்த்தேன் போட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு."

டீச்சர் திறந்தார். "மரக்காமல்" என்ற சொல்லில் "ர"வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மை இல்லை, கைகாட்டிக்கு அடிக்கிற சிவப்புச் சாயம், தீக்குச்சியால் தொட்டுப் போட்டது. செய்திக்குக் கீழே, கோணல் இல்லாமல், இரண்டு வரி பென்சில் எழுத்து.

மறக்காமல்
இருதயம்

சின்ன ர, பெரிய ற, இரண்டும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"நீ சொல்லிக் கொடுத்தியா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர், எங்கிட்ட கேக்கவே இல்ல. போன வருஷத்துலேருந்து விளக்கு டப்பா மேலயெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால ர, றன்னு எழுதி எழுதித்தான் அழிப்பாரு. நல்லா வந்தப்புறம்தான் டீச்சர் நோட்டுல எழுதணும்னு சொன்னாரு."

கோபம் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாரே, அது கோபமே இல்லை. டீச்சருக்கு அழுகை வந்தது, பெண்பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்று குனிந்துகொண்டார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கறுப்பு மையைத் தொட்டு எடுத்தார். "பார்த்தேன்" என்று எழுதினார். நாலு வருஷம் நாலு மணிக்கெல்லாம் பார்த்ததுதான். அடுத்தாற்போல் த. ஆ. என்று போகவிருந்த கையை நிறுத்தி, "ஜோசஃபின்" என்று எழுதினார். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளையும் தனித்தனியாக வைத்தார். பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, மை காய ஊதி, "ஓடு, ரயில் போயிரும்" என்று நோட்டைப் பெர்னடெட் கையில் கொடுத்தார்.