எலிக்கூடும் இலக்கத் தகடும்

பென்ரோஸில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். புளித்த பால், நிறம் மாறிய இறைச்சி, பூஞ்சணம் பிடித்த சீஸ் என்று தினமும் ஏதாவது என் மேசைக்கு வரும். அதில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் தடவி, சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அருவருப்பு என்னை விட்டு எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அத்தானின் மோட்டார் சைக்கிளின் இருக்கையைக் கழற்றிய அன்று அது திரும்பி வந்தது. பிறகு பல மாதங்கள் போகவில்லை.

அத்தான் என் கணவரின் மூத்த அண்ணர். நகரத்துக்கு வடமேற்கே கொஞ்சம் காணியோடு வீடு வைத்திருக்கிறார். வார இறுதியில் காட்டுப் பாதைகளில் ஓடுவதற்கென்று ஒரு மண்பாதை வண்டி வாங்கினார். சில தடவைகள் ஓடினார், ஒரு தடவை விழுந்தார், முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வண்டி கொட்டிலுக்குள் போய்விட்டது. அது தெருவில் ஓட அனுமதியில்லாத வண்டி. சிக்னல் இல்லை, ஹோர்ன் இல்லை, கண்ணாடி இல்லை, இலக்கத் தகடும் இல்லை.

எங்களுக்கு அப்போது ஒரே ஒரு கார். வீடு கிளென்ஃபீல்டில். கணவருக்கு விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவருடைய ஷிப்டும் என்னுடைய ஷிப்டும் பொருந்தி வரவே மாட்டா. நான் இருட்டோடு எழும்பி இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைச் சொல்லப்போக, கோழிக்காலைக் கடித்துக்கொண்டே அத்தான் சொன்னார்:

"அந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டு போ பிள்ளை. சும்மா கிடந்து பழுதாகுது. லைற்றைக் கிற்றைப் பூட்டிப்போட்டு ரோட்டுக்கு எடு. லேசான வேலை."

"எனக்கே தாறீங்களோ அத்தான்?"

"பின்னை? உனக்குத்தான். எனக்கேன் இனி அது?"

என் கணவரும் அத்தானின் மனைவியும் பக்கத்தில் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். மன்னாரில் களப்பணி செய்த காலத்தில் நான் மோட்டார் சைக்கிளில்தான் திரிந்தவள். இந்த நாட்டுக்கு வந்ததும் அங்கே எடுத்த ஓட்டுநர் உரிமத்தையும் சோதனை எழுதி மாற்றி வைத்திருந்தேன். அதனால் மனதுக்குள் பெரிய சந்தோசம்.

வாடகை ட்ரெய்லரில் வண்டியை ஏற்றி வந்து கராஜுக்குள் இறக்கினோம். இருக்கையைக் கழற்றினேன். அதன் கீழே காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி. மூடியைத் திறந்ததும் மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. வடிகட்டியின் பஞ்சை எலிகள் கடித்துக் குதறி, வைக்கோலும் பிளாஸ்டிக் துண்டுகளும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தன. கூட்டுக்குள் குட்டிகள் செத்துக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வேலையில் போடுவதுபோல் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் அவற்றை எடுத்தேன். பெற்றோல் தாங்கியில் பழைய பெற்றோல் திரண்டு, பழுப்பு நிறத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு இருந்தது. மண்காப்புக்கு உள்பக்கம் முழுவதும் மாட்டுச் சாணி. அது புகைக்குழாயிலும் அப்பிச் சுட்டுப்போய் இருந்தது தெரியாமல், எல்லாவற்றையும் துடைத்து முதல் தடவை இயந்திரத்தைக் கிளப்பினேன். சாணி எரிகிற நாற்றம் தெரு முழுக்கப் போனது. எதிர்வீட்டு மனுசி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

கணவர் கராஜ் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுமன். இது சரிவராது போல கிடக்கு."

"சரிவரும். அந்த வாளியை எடுத்துத் தாங்கோ."

அவர் வாளியை எடுத்துத் தந்தார். அதற்கு மேல் உள்ளே வரவில்லை.

பிறகு தொடங்கியது பதிவு செய்யும் வேலை. லைற்றைப் பூட்டினால் போதும் என்று அத்தான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த மாதிரி வண்டி தெருவுக்கென்றே செய்யப்பட்டதா, காட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதா என்பதற்கு முதலில் பதில் வேண்டும். காட்டுக்கு மட்டும் என்றால் ஆயிரம் லைற் பூட்டினாலும் தகடு கிடைப்பது மிகவும் கஷ்டம். வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த இலக்கத்தை, கிறீஸைச் சுரண்டிச் சுரண்டிப் படித்து, இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விவசாயப் பாவனைக்கு மட்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. திரும்ப எழுதினேன். வேறொருவர் பதில் போட்டார். இந்த மாதிரி வெளிநாட்டில் தெருவுக்கு விற்கப்பட்டதுதான் என்றும், இங்கே மட்டும் விளக்குகள் இல்லாமல் வந்தது என்றும் அவர் எழுதியிருந்தார். அதை உறுதிப்படுத்தும் கடிதத்தை வாங்குவதற்கு நான் கெஞ்சிய கெஞ்சலை நினைத்தால் இப்போதும் நாக்கில் ஒரு கசப்பு.

உரிமைக்கும் ஆதாரம் கேட்டார்கள். அத்தானிடம் போனேன். வண்டியை எனக்குத் தந்துவிட்டதாக எழுதிய தாளில், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார்.

"இதுக்கெல்லாம் இவ்வளவு மினக்கெடுறியே பிள்ளை. நான் எண்டால் ரெண்டு நாளில முடிச்சிருப்பன்."

தாளை மடித்துப் பையில் வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

விளக்கு, சிக்னல், ஹோர்ன், கண்ணாடிகள், வேகமானி எல்லாவற்றையும் நானே வாங்கி, வீடியோ பார்த்து, வயர் இழுத்துப் பூட்டினேன். கை முழுக்கக் கீறல். ஆய்வுகூடத்தில் காயத்தோடு வேலை செய்ய விடமாட்டார்கள் என்பதால் தினமும் விரல்களுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் இரட்டைக் கையுறை போட்டேன்.

பதிவில்லாத வண்டியைத் தெருவில் ஓட்டிப் போகக்கூடாது. சோதனை நாளன்று மறுபடியும் ட்ரெய்லர். கணவர் காரை ஓட்டினார். சோதனை செய்தவர் நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, இலக்கத்தை ஒப்பிட்டு, விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் என் கணவரிடம் கேட்டார். வயர் வேலை யார் செய்தது? டயர் எப்போது மாற்றியது? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். என் பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியை மறுபடியும் அவரைப் பார்த்தே கேட்டார். கணவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி தேறவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. டயர்களின் பக்கச் சுவரிலேயே, நெடுஞ்சாலைப் பாவனைக்கு அல்ல என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் அந்த டயரைக் கழுவியிருக்கிறேன், அந்த எழுத்து என் கண்ணில் படவில்லை. சோதனை செய்தவர் என் கணவரின் தோளில் தட்டி, பரவாயில்லை, நல்ல முயற்சி என்றார். கணவர் நன்றி சொன்னார்.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"என்ர வண்டி எண்டு ஏன் நீங்கள் சொல்லேல்ல?"

"அவர் கேக்கேல்லையே."

"நன்றி மட்டும் சொன்னீங்கள்."

"இதென்ன சின்ன விசயத்துக்கெல்லாம்." ரேடியோவைப் போட்டுவிட்டார்.

இரண்டாம் முறை தனியாகப் போனேன். புது டயர், பிரேக்குக்குப் புது ஸ்விட்ச். ட்ரெய்லரைப் பின்னோக்கி விடத் தெரியாமல் நாலைந்து தடவை முன்னும் பின்னும் போய் வந்தேன். அதே நரைத்த தாடிக்காரர் வாசலில் நின்று பார்த்தார். கணவர் வரவில்லையா என்று கேட்டார். அவருக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தே பேசினார். வண்டி தேறியது. பணம் கட்டி, தகட்டைக் கையில் வாங்கி, அங்கேயே நின்று பூட்டினேன்.

அடுத்த வாரம் முழுவதும் வேலைக்கு அதில்தான் போனேன். துறைமுகப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பாலத்தின் உச்சியில் ஒவ்வொரு நாளும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்கும் தெரியாமல் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். அத்தானின் கார் வந்து நின்றது. அவரோடு ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இறங்கினான். இருவரும் வீட்டுக்குள் வராமல் நேரே கராஜுக்குப் போனார்கள். கைகூடக் கழுவாமல் பின்னால் போனேன். அத்தான் இருக்கையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தெருவுக்கு முழு அனுமதி உண்டு, வண்டித் தகுதிச் சான்றான வாரண்ட் உண்டு, எல்லாம் தானே பார்த்துப் பார்த்துச் செய்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அத்தான், இது ஆர்?"

"வாங்க வந்த ஆள், பிள்ளை. மண் வண்டியா வித்தா ஆரும் திரும்பியும் பாக்கமாட்டினம். இப்ப பிளேற் இருக்கு, நல்ல விலைக்குப் போகும். உன்ர செலவுக்கும் ஏதும் தருவன்."

"எனக்குத் தந்ததெல்லே அது?"

"ஓட எண்டு தந்தனான். ஒரேயடியா எண்டு ஆர் சொன்னது?"

"கையெழுத்து வச்சுத் தந்தீங்கள்."

"அது அவங்கள் கேட்டதுக்கு ஒப்புக்கு வச்சது. ஆரின்ர பேரில இருந்தாலும் சாமான் என்ர."

"அப்ப உள்ளுக்க செத்துக் கிடந்த எலியளும் உங்கடதானோ அத்தான்? குப்பையில போட்டுட்டன்."

அவர் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் தட்டோடு வந்தார். மூன்று கோப்பைத் தேத்தண்ணி, ஒரு தட்டில் பிஸ்கட். விருந்தாளிகளுக்கென்று நான் ஒளித்து வைக்கும் பிஸ்கட்.

"முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை. பிறகு கதைப்பம்."

எனக்கென்று அதில் ஒரு கோப்பை இல்லை.

ஏதாவது பிரச்சினையா என்று அந்தப் பொடியன் கேட்டான். இது என் பெயரில் பதிந்த என் வண்டி, விற்பனைக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் காதுவரை சிவந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமல் வெளியே போய் காரருகில் நின்றான். அங்கே நின்ற மூன்று ஆண்களில் வெட்கப்பட்டது அவன் ஒருவன்தான்.

"உன்ர மனுசி கதைக்கிறதைப் பாத்தியே?" என்றார் அத்தான், தம்பியைப் பார்த்து.

கணவர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், பேசாமக் குடுத்துவிடும். ஒரு வண்டிக்காக அண்ணையோட கொழுவவேணுமே?"

கொக்கியில் தொங்கிய வண்டித் திறப்பை எடுத்து என் பையில் போட்டேன். "கோழிக்கறி அடிப்பிடிக்கப் போகுது. கராஜைப் பூட்டவேணும், எல்லாரும் வெளியில வாங்கோ" என்றேன். வந்தார்கள். அத்தான் போகும்போது ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே அவருடைய மனைவி போன் எடுத்தார். "அவர் மனம் நொந்து போனார்" என்றார். பிறந்தநாள் விருந்தில் அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "ஆம்பிளையள் சாப்பிடேக்க ஆயிரம் சொல்லுவினம்" என்றார். இரண்டு ஞாயிறு கழிய, கோவில் வாசலில் ஒருவர் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தினார். அத்தானின் வண்டியை நான் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டேனாம்.

இதெல்லாம் தாங்கக்கூடியது. ஒரு நாள் காரின் பின்னிருக்கையில் கேக் கடையின் பையும் ரிப்பனும் கிடந்தன. கணவர் அண்ணர் வீட்டுக்குப் போய், என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கேட்டபோது மறைக்கவில்லை.

"சமாதானமாப் போகட்டும் எண்டுதான்."

"நான் என்ன பிழை செய்தனான் எண்டு சொன்னீங்கள்?"

"பொதுவா மன்னிப்புக் கேட்டனான்."

அதன் பிறகு கன நாட்கள் அவரோடு ஒரே மேசையில் இருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. அவர் சோற்றைப் பிசையும் விரல்களைப் பார்த்தால் குமட்டியது. கெட்டுப்போன சாப்பாடு எனக்குப் பிரச்சினையில்லை. நல்ல சாப்பாடு இறங்கவில்லை. அவரிடமே இதைச் சொன்னேன். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார். இப்போது சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

குளிர்காலம் முடியும் நேரம், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தமிழ்நாட்டுக்காரர்; மரியாதையாகப் பேசினார்.

"மேடம், மண்ணுல ஓட்டுற வண்டி ஒண்ணு வாங்கியிருக்கேன். அதை ரோட்டுக்கு ரிஜிஸ்டர் பண்ணணும். உங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் நம்பர் குடுத்தார். அவரே ஒரு வண்டி பண்ணியிருக்காராமே? இப்ப நேரமில்ல, பேப்பர் விவரமெல்லாம் தம்பி சம்சாரத்துக்கிட்டக் கேளுங்கன்னு சொன்னார்."

வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். இந்த மனிதர் என்ன செய்வார், பாவம். கட்டிலில் உட்கார்ந்து, வண்டிச் சட்டத்து இலக்கத்தை எங்கே தேடுவது, நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது, முதல் பதிலை ஏன் நம்பக்கூடாது, டயரில் எதைப் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்று இடையிடையே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும்.

"ரொம்ப நன்றி மேடம். அண்ணன் சார்கிட்டயும் நான் தேங்க்ஸ் சொன்னதா சொல்லிடுங்க."

"அவரோட நான் கதைக்கிறேல்ல. நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர், சரிங்க மேடம் என்று போனை வைத்தார். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. மழை அங்கியைப் போட்டுக்கொண்டு, வண்டியை எடுக்கக் கீழே கராஜுக்கு இறங்கினேன்.