ரப்பர் மாடியில் பிரியாணி

நான் இப்போது குடியிருக்கும் சாஸ்கடூன் நகரத்தில் மொட்டை மாடியைப் பூட்டி வைக்கிறார்கள். கனடாவில் நான் கண்ட அதிசயங்களில் பனிக்கும் முந்தியது இதுதான். சூப்பர் மார்க்கெட், பள்ளிக்கூடம், கிடங்கு எல்லாவற்றுக்கும் தட்டைக் கூரை, ஒவ்வொன்றும் ஒரு கழனி அகலம். ஆனால் மேலே போக ஓர் இரும்பு ஏணியும், அதன் உச்சியில் பூட்டிய மூடியும் மட்டும்தான். தன் கடையின் கூரை என்ன நிறம் என்று கடைக்காரருக்கே தெரியாது. கூரை போடும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் மேஸ்திரி கிளென்னிடம், "படிக்கட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார். "மேலே வருகிறவர்களுக்கு." "மேலே யாரும் வரமாட்டார்கள்." "அப்படியானால் துணியை எங்கே காயப்போடுவார்கள்?" கிளென் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பாட்டு வேளையில் எல்லோரிடமும் அதைச் சொல்லி, நான் பெரிய தமாஷ்காரன் என்று பெயர் வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு தமாஷும் செய்யவில்லை. கும்மிடிப்பூண்டியில் பிறந்தவன் கேட்கக்கூடிய நியாயமான கேள்வியைத்தான் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாடி என்பது வீட்டின் மிக முக்கியமான அறை. அதற்குக் கூரை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மிளகாய் காய்வது, கருவாடு காய்வது, மாமியாரிடம் கோபித்துக்கொண்டவள் போய் உட்காருவது, போனில் ரகசியம் பேசுவது எல்லாம் அங்கேதான். பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று எது வந்தாலும் சமையலும் அங்கேதான். நான்கு செங்கல்லை வைத்து விறகை மூட்டிவிட்டால் முடிந்தது. இதையெல்லாம் செய்யாமல் ஒரு மாடியைச் சும்மா விட்டு வைக்க முடியும் என்று கனடா போகும் வரை எனக்குத் தெரியாது.

சாஸ்கடூனில் நாங்கள் மேலே விரிப்பது ஒரு கறுப்பு ரப்பர் பாய். கோடையில் சென்னைப் பக்கத்து வெயில் அடிக்கும், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது வரை போகும். எந்தத் தளமானாலும் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், ஒரு நாள் வெடிக்கும். ரப்பர் வெடிக்காது, கூடவே இழுபடும், கூடவே சுருங்கும். பெரிய சுருளாக வரும் அதை விரித்ததும் ஒட்டிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கவிட வேண்டும், சுருண்டு கிடந்த உடம்பு நிமிரட்டும் என்று. அப்புறம் பசை, அப்புறம் உருளை, இணைப்புகளின் மேல் ஒட்டுகிற ரப்பர் பட்டை. முதல் சுருளைப் பிரித்தபோது வந்த வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் சில வருஷம் வேலை செய்தவன் நான். அந்த வாசனை போகாமல் சட்டைகளைத் தனியாகத் துவைத்த காலம் உண்டு. அதை முகர இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்திருக்கிறேன்!

இனி அக்காவைச் சொல்லவேண்டும். என் அக்கா ஸ்டெல்லா கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துப் புதுவாயலில் இரண்டு தளக் கட்டடம் ஒன்றில் தையல் கூடம் வைத்திருக்கிறாள். கீழே கடைகள், மேல் தளத்தில் பின்பக்கம் அவள் வீடு, முன்பக்கம் தையல் மெஷின்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார்கள். அக்காவோடு சேர்ந்து தைக்கும் பெண்கள் எல்லாம் எங்களைப் போலவே, அப்பா அம்மா கழனி வேலை செய்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஐப்பசி பிறந்தால் அந்தக் கூடத்தில் மழை உள்ளேயும் பெய்யும். தார் பூசிப் பார்த்தார்கள், சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள், வெயிலில் எல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. போன வருஷம் துணிக் கட்டுகளில் பூஞ்சைக் கறை ஏறிவிட்டது. துணி கொடுத்த கம்பெனிக்காரர், இன்னொரு முறை கறை பார்த்தால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் கூடத்தை மூடவேண்டியதுதான். அக்கா போனில் அழவில்லை, அதட்டினாள். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் கூரை போட்டுக்கினு திரியிற. அக்கா ஊடு ஒழுவுது, அது தெரியல உனுக்கு?"

கூரை வேலைக்குக் கோடைதான் சீசன். செப்டம்பரில் லீவு கேட்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். கிளென்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எதற்கு லீவு?" "அக்கா வீட்டுக்குக் கூரை போட." அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கூரை போடும் வேலையிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு கூரை போடப் போகிறாயா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை. ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று முடிவு கட்டி, என் தோளைத் தட்டி வாழ்த்தி அனுப்பினார். மறுத்தால் லீவு போய்விடுமே என்று வெட்கப்பட்ட மாதிரி சிரித்து வைத்தேன்.

புதுவாயல் ஜங்ஷனில், நான் சென்னையில் தேடி வாங்கிய ரப்பர் சுருளோடு லோடு ஆட்டோ வந்து நின்றபோது ஒரு கூட்டமே கூடிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் மாமா, தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த நண்பர்களோடு வந்து சுருளைத் தூக்கி மேலே ஏற்றினார். பழைய தார் முழுவதையும் சுரண்டி, கழுவி, காயவிட்டுப் பாயை விரித்தோம். "உடனே ஒட்டக் கூடாது மாமா, அது கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுக்கணும்" என்றேன். "இன்னா மச்சான், காலைலேர்ந்து தூக்கினது நாங்க, ரெஸ்ட் ரப்பருக்கா?" என்று அவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். ஒட்டி முடித்து, சூடு உள்ளே இறங்காமல் இருக்க மேலே வெள்ளைப் பூச்சும் அடித்தேன். தைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வெறுங்காலோடு நடந்து பார்த்தார்கள், ஒருத்தி குதித்தும் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, கனடாவில் நாற்பது டிகிரியையே தாங்குகிற சரக்கு, ஒன்றும் ஆகாது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். வடிகாலை அடைத்து மாடி நிறையத் தண்ணீர் கட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்றபோது அக்கா எரிந்து விழுந்தாள். "குடிக்கவே லாரி தண்ணிக்கு நிக்கிறோம், மாடிக்கு ஊத்தறானாம்! மழை வந்து சோதிச்சுக்கும், நீ மூடிக்கினு நாஷ்டா சாப்பிடு."

எங்கள் ஊரில் தளம் போட்டால் சோறு போடவேண்டும். கான்கிரீட் போட்ட அன்று கொத்தனார்களுக்குக் கறிச்சோறு இல்லாமல் அனுப்பினால் அந்தக் கட்டடம் உருப்படாது என்பது இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் எல்லோருக்கும் பொதுவான சட்டம். ரப்பர் தளத்துக்கும் அதே சட்டம் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ஜெபம், பிறகு பிரியாணி. மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வரும் எங்கள் சபைப் பாஸ்டரைப் பக்கத்து ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு வர நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சமையல் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, அந்த வீட்டில் எந்த விசேஷத்துக்கும் எங்கே சமைத்தார்களோ அங்கேதான்.

பாஸ்டரோடு திரும்பித் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே வாசனை வந்தது. பாஸ்டர், "பிரியாணி பிரமாதம் போலிருக்கே" என்றார். அவருக்குப் பட்டை லவங்கம் தெரிந்தது. எனக்கு அதற்குள்ளே இருந்த இன்னொரு வாசனை தெரிந்தது. அவரை அப்படியே நடுத்தெருவில் இறக்கிவிட்டு மாடிப்படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. வெள்ளை ரப்பரின் நடுவே மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, அதன் மேல் பெரிய அண்டா. மூடி மேலே கங்கு, கீழே கங்கு. மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் கரண்டியோடு ராஜா மாதிரி நின்றார்.

"மாமா, தீயை அணைங்க!"

"தம் போட்டுக்கினு இருக்கேன் மச்சான். இப்ப போய் அணைச்சா அரிசி நிக்காது."

"கீழ ரப்பர் எரியுது மாமா!"

"நீதானே சொன்னே, நாப்பது டிகிரி தாங்கும், ஒன்னும் ஆவாதுன்னு?"

"அது குளிரு மாமா!"

"டிகிரி டிகிரிதானே மச்சான்?"

 நெருப்பைப் பற்றி நான் யாருக்கும் எச்சரிக்கை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிளென் எனக்கு எத்தனையோ பாடம் எடுத்திருக்கிறார், கூரை மேல் பிரியாணி சமைக்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, அண்டாவைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள். "தூக்குங்கடா அத்த" என்றாள். நான்கு பேர் சாக்கைப் பிடித்து அண்டாவைத் தெருவுக்குச் சுமந்து போனார்கள். மணலை அள்ளியபோது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரப்பர் கொப்புளம் கட்டி, நடுவே கருகி ஓட்டையாகி, பழைய கான்கிரீட் பல்லைக் காட்டியது. அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நேர் கீழேதான் புதிதாக வந்த துணிக் கட்டுகள். "இந்த வாட்டியும் நனைஞ்சா முடிஞ்சிதுடா தம்பி. அந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னா சொல்லுவேன்?" என்றாள். அப்போதுதான் அழுதாள். மாமா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இதற்குள் நடந்தே வந்து சேர்ந்த பாஸ்டர் சூழ்நிலையைப் பார்த்து ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கண்ணை மூடினார். எல்லோரும் மூடினோம். "பரலோகப் பிதாவே, உம்முடைய ஆசீர்வாதம் இந்த வீட்டின் மேல் மழையாகப் பொழிந்து, இந்த இல்லத்துக்குள்ளே இறங்குவதாக" என்றார். வழக்கமாக உடனே வருகிற ஆமென் வரவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அக்காவும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத முகத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பாஸ்டருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. பிரியாணி, சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

சாப்பிட்ட கையோடு எல்லோரும் மறுபடியும் மாடிக்கு வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கருகினதை வெட்டி எடுத்தேன், சுற்றிலும் சுரண்டிச் சுத்தம் செய்தேன், பசை தடவிக் காத்திருந்தேன், ஓரம் வளைத்து வெட்டிய துண்டை வைத்து உருளையால் அழுத்தினேன். மாமா குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "மச்சான், தப்பா நெனச்சுக்காத. இது பஞ்சர் ஒட்டறதுதானே? இதுக்கா கனடா போனே?" ஊரே சிரித்தது. கனடாவில் இதற்கு ரூஃபிங் டெக்னீஷியன் என்று பெயர் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன். ஆனால் மனசுக்குள் வேறு பயம் இருந்தது. சூடு எதுவரை பரவியது, எங்கெல்லாம் பசை விட்டிருக்கும் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மழைதான் சொல்லவேண்டும். மழைக்கு முன்னால் என் லீவு முடிந்துவிட்டது.

சாஸ்கடூனுக்கு வந்தபின் நான் இந்த ஊரின் வானிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் கண் விழித்ததும் போனில் பார்ப்பது திருவள்ளூர் மாவட்டத்தை. நவம்பரில் ஒரு நாள் வங்கக் கடலில் உருவான புயல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று போட்டிருந்தார்கள். அக்காவுக்குப் போன் அடித்தேன், கிடைக்கவில்லை. மாமாவுக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் எங்களுக்கு வேலை தாமதமாகத்தான் தொடங்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு கிளம்பி, பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, மறுபடியும் மறுபடியும் அடித்துக்கொண்டே வந்தேன். ஓட்டை எவ்வளவு பெரியது, துண்டு எவ்வளவு பெரியது என்று கை தானாகக் காற்றில் அளந்து பார்த்தது. கடைசியில் அக்காவே கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம் காதைப் பிளந்தது.

"காலைலேர்ந்து ஊத்துதுடா, இங்க ராத்திரியாச்சு, இன்னும் நிக்கல. கரண்ட் இல்ல, டவர் இப்பதான் வந்திச்சி, ஒரே பேஜாரு."

"மேல?"

"உன்ன நம்பாம ஊட்ல இருக்கிற அண்டா குண்டா எல்லாத்தையும் கொண்ணாந்து கூடத்துல வெச்சேன். ஒன்னுலயும் ஒரு சொட்டு இல்ல. துணியெல்லாம் காஞ்சி கெடக்கு. பொண்ணுங்க ஊட்டுக்குப் போவ முடியாம, டார்ச் அடிச்சிக்கினு கால் மெஷின்ல தெச்சிக்கினு இருக்காங்க. உங்க மாமா மேல போய் நனைஞ்சிக்கினு நிக்கிறாரு, பஞ்சர் ஒட்டின எடத்துல. எறங்க மாட்டேன்றாரு."

 இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. கதவருகே போனபோது பஸ் டிரைவர் என் கையைக் காட்டி, "மழை வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன், கையில் குடை. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி, துடைத்து வைத்தது போன்ற நீல வானம், கண் கூசும் வெயில். இந்த ஊரில் இனி சித்திரை வரை மழைக்கு வேலையில்லை. "நல்ல மழை, காலையிலிருந்து பெய்கிறது" என்றேன். டிரைவர் முன்கண்ணாடி வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். நான் இறங்கி, கொட்டுகிற வெயிலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பஸ் போகும் வரை அங்கேயே நின்றேன்.